திட ஹீலியமும் மூக்கில் வைத்த பொட்டும்

தொண்ணூறுகளில் நான் ஹீலியத்தை உறைய வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா, "என்னமோ ஃபிசிக்ஸ்ல ஐஸ் பண்ணிண்டிருக்கா" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மயிலாப்பூர் குளத்தங்கரையிலிருந்து வீடு வரைக்கும் அம்மாவோடு பேசாமல் நடந்து வருவேன். இப்போது யோசித்தால் அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஐஸ்தான் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஹீலியம் லேசில் ஐஸாகாது. உலகத்தில் மற்ற எல்லாமே குளிர்ந்தால் அடங்கிவிடும். இது மட்டும் எத்தனை குளிர்ந்தாலும் திரவமாகவே கிடக்கும். குளிரவும் வைத்து, இருபத்தைந்து மடங்கு காற்றழுத்தத்தில் அமுக்கவும் செய்தால்தான், போனால் போகிறதென்று திடமாகும். அப்படித் திடமானாலும் அதன் அணுக்கள் இருந்த இடத்தில் இருக்காது. பக்கத்து அணுவோடு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இந்தத் திடப்பொருளுக்குள்ளேயே ஹீலியம் தடையில்லாமல் ஓடக்கூடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஓட்டையே இல்லாத சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி. கணக்கு சொன்னதே தவிர, கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் சாரின் ஆசை. சார் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர்.

இரண்டு பேர் என்றேன். ஒன்று நான். இன்னொருவர் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறவர், கத்தோலிக்கக் குடும்பம். எம்.எஸ்ஸி.யில் எனக்கு மேல் மார்க் வாங்கியவர் என்பதால் முதல் வருஷம் முழுக்க எனக்கு அவரைப் பிடிக்காது. அவரோ அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். இரண்டு பேருமே டாக்டர் பட்டம் வாங்காத காலத்திலேயே என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

குளிர வைப்பதற்கான திரவ ஹீலியம் வெளியூரிலிருந்து லாரியில் வரும். ஆளுயர ஃபிளாஸ்க் மாதிரி ஒரு பாத்திரத்தில், வழியிலேயே பாதி ஆவியாகிப் போய், மீதிதான் வந்து சேரும். ஆவியாவதையும் வீணாக்காமல் ஒரு பெரிய ரப்பர் பையில் பிடித்து வைப்போம். சார் வகுப்பெடுக்கப் போன நேரம் பார்த்து அவர் அந்தப் பையிலிருந்து ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, ஹீலியம் தருகிற கீச்சுக் குரலில், "அடையார் சிக்னல்லாம் எறங்கு! படியில நிக்காத நைனா, உள்ள போ!" என்று கண்டக்டர் மாதிரி கத்துவார். என்னதான் முறைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரைப் பிடிக்காமல் இருப்பது அந்தக் கீச்சுக் குரலோடு முடிந்தது.

எங்கள் ஹீலியம் உறைகிற இடம் ஒரு சின்னச் செம்பு உருளை. கைக்கடிகாரம் அளவுதான் இருக்கும். அதற்கு செல் என்று பெயர். அந்தக் காலத்தில் செல் என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான். அதன் ஒரு முனை கூம்பாக முடியும். அந்தக் கூம்பில் இரண்டு துளைகள், ஒவ்வொன்றிலும் தலைமுடி போல மெல்லிய ஒரு குழாய். ஒரு குழாய் வழியாக ஹீலியத்தை உள்ளே தள்ளுவோம். மற்றக் குழாய் அழுத்தம் காட்டுகிற மானிக்குப் போகும். நடுவில் செல்லுக்குள் திட ஹீலியம். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் அழுத்தம் ஏறுகிறதா? ஏறினால், திடத்தின் வழியாக ஹீலியம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வாழ்க்கையே அந்த ஒரு கேள்விதான்.

அந்த வருஷம் கோடையில் ஏறியது. பேனா ஒன்று காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே போகும். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு மெல்லத் தலை தூக்கியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சார் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இன்னொரு தடவை வரட்டும்" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்திருந்தார். அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னோடு ஆராய்ச்சி செய்த அவரிடம், இது உண்மைதான் என்று இன்னொரு தடவை நிரூபித்துக்காட்டு, என் லேபில் உனக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே குப்பத்துக்கு விஷயம் போய்விட்டது. அவருடைய அம்மா மீன் கூடையை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம்புள்ள பிளேன்ல போவப்போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் லேபில் இதைச் சொல்லும்போது அவர் வெட்கப்பட்டார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு மீட்டர் அளவுகளையெல்லாம் தப்புத் தப்பாகக் குறித்தேன். அது ஏனென்று நான் அப்போது ஆராயவில்லை, ஆராய்ச்சி மாணவியாக இருந்தும்.

ஆக, அடுத்த தடவை கோடு என்ன சொல்லும் என்பதில்தான் அவருடைய பிளேன் இருந்தது.

அந்தத் தடவைக்கென்று புதுச் செல் செய்துகொண்டிருந்தோம். இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேபில் அது பெரிய விழா. பம்புக்கு, மீட்டருக்கு, லேத்துக்கு, டீ போடுகிற ஸ்டவுக்குக்கூட சந்தனமும் குங்குமமும் உண்டு. பொரியும் சுண்டலும் உண்டு. அன்றைக்கு எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது. சாருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஆனால் சுண்டலில் நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு வருஷமும் செல்லுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. அதை வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அந்த வருஷம் பார்த்து, கும்பகோணத்தில் பெரியப்பா முறையாக வேண்டிய தாயாதி ஒருவர் தவறிவிட்டார். வீட்டில் கொலு இல்லை.

"லேபுக்கு வேணா போ. பத்து நாள் தீட்டு, ஞாபகம் வச்சுக்கோ. பொட்டு வைக்கறேன், கற்பூரம் காட்டறேன்னுண்டு எதையும் தொடப்படாது" என்றாள் அம்மா.

"கும்பகோணத்துல யாரோ போனதுக்கு என் செல் என்னம்மா பண்ணித்து?"

"யாரோவா? உனக்குக் காது குத்தறச்சே மடியில வச்சுண்டவர்டீ அவர்."

பூஜையைத் தள்ளி நின்று பார்க்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால் லேபுக்கே போகவில்லை. தெருமுனைக் கடையிலிருந்து அவருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஒரு செம்பு உருளைக்குப் பொட்டு வைக்க முடியவில்லை என்று அழுகிற பெண்ணை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"அட இன்னா டாக்டரம்மா, இதுக்குப் போய். நான் வச்சிடறேன். எங்க போட்டுக்கு வைக்கிறதில்லையா?"

அவருடைய அப்பாவின் படகு பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தோடு சேர்ந்து வாங்கிய கூட்டுப் படகு. அதனால் அதற்கு எல்லாமே இரண்டு தடவை. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் நான் மறுபடி கடையிலிருந்து போன் பண்ணியபோது, "வச்சிட்டேன், கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தீட்டு முடிந்து நான் போனபோது குழாய்கள் இரண்டையும் பொருத்திப் பற்ற வைத்து, செல் பளபளவென்று தயாராக இருந்தது.

ஹீலியம் வந்தது. செல்லுக்குள் உறைய வைக்கிற ஹீலியத்துக்குப் புது வாயு சிலிண்டர், புதுச் செல். காலையிலிருந்து குளிர வைத்தோம், அமுக்கினோம், உறைந்தது. ஒரு பக்கம் தள்ளினோம். பேனா நேராகப் போனது. இன்னும் தள்ளினோம். நேராகவே போனது. எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் இம்மியளவுகூட ஏறவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சார் மட்டும் முதலில் அயர்ந்து, பிறகு மெல்ல மெல்லப் பிரகாசமானார். மறுநாள் கரும்பலகையில் ரங்கநாதன் தெருவை வரைந்தார். உண்மையாகவே தெரு, கடைகள், தலை தலையாக ஜனங்கள்.

"தீபாவளி வாரம், சரியா? தெரு முழுக்கக் கூட்டம், ஆனா நகர்ந்துண்டேதான் இருக்கு. நடுவுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், செருப்பு வாரைச் சரிபண்ணக் குனியறார். என்ன ஆகும்?"

"அவரை மிதிச்சிடுவாங்க சார்" என்றார் அவர்.

"தெருவே நின்னுடும்! அந்த ஆள்தான் மாசு."

சார் சொன்னது இதுதான். எந்த ஹீலிய வாயுவிலும் அதன் எடை குறைந்த உடன்பிறப்பு, ஹீலியம் மூன்று, கோடியில் சில அணுக்களாவது கலந்திருக்கும். அதைத்தான் மாசு என்றார். உறைந்த ஹீலியம் ஒரே சீராக இருப்பதில்லை. அதற்குள் இழை இழையாகக் குறைபாடுகள் ஓடும். ஓட்டம் நடப்பதென்றால் அந்த இழைகளின் வழியாகத்தான் நடக்கும். அந்த லேசான அணுக்கள் போய் இழைகள் சந்திக்கிற முனைகளில் உட்கார்ந்துகொண்டால் போதும், வழி அடைபட்டுவிடும். கோடையில் நாம் எடுத்தது பழைய சிலிண்டர், சுத்தமான வாயு. இது புது சிலிண்டர், மாசு அதிகமாக இருக்கலாம். ஆகவே முதல் தடவை ஓடியதும் உண்மை, இரண்டாம் தடவை நின்றதும் உண்மை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. வெளிநாட்டு விஞ்ஞானிக்கு உடனே எழுதிவிடலாம் என்றார் சார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவர் எழுந்து நின்றார். பிளேன் மறுபடி தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் செல்லை அறுத்துத் திறந்து உள்ளே பார்த்த பிறகுதான் முடிவைப் பற்றி வெளியில் வாய் திறக்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் என்போம். சாரே ஏற்படுத்திய வழக்கம், ஆனால் அன்றைக்கு இருந்த குஷியில் சாரே அதை மறந்துவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி தொறந்து பாத்துடலாம். வழக்கத்தை ஏன் விடணும்?" என்றார் அவர்.

"சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்கணுமா?" என்றேன். ஆனாலும் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. பொறுமையாக அறுத்து, மேல் பாதியைக் கழற்றித் திருப்பி வைத்தார். மானிக்குப் போகிற குழாயின் வாயில், உள்பக்கமாக, கடுகைவிடச் சின்னதாக ஒரு சிவப்பு. லென்ஸை வைத்துப் பார்த்தோம். சந்தனத்தில் குழைந்து இறுகிப்போன குங்குமம். குழாயை அடைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எங்க வச்சீங்க பொட்டு?" என்றேன்.

"மூக்குல" என்றார்.

படகுக்கு அணியத்தில்தான், அதாவது முன்மூக்கில்தான், பொட்டு வைப்பார்கள். அலையை முதலில் முட்டுகிற இடம் அதுதானே, அதற்குத்தான் முதல் மரியாதை. எங்கள் செல்லுக்கு மூக்கு என்றால் அந்தக் கூம்புதான். குழாய்கள் பொருத்தாமல் அதன் இரண்டு துளைகளும் அன்றைக்குத் திறந்து கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் பார்த்து அழகாக வைத்திருக்கிறார். மறுநாள் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தும் இருக்கிறார். அதற்குள் துளி உள்ளே இறங்கியிருக்கிறது. ஹீலியம் நிரப்பும்போது அது அடித்துக்கொண்டு போய் எதிர்க் குழாயின் வாயில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் எத்தனை தள்ளினாலும் மானிக்கு எப்படித் தெரியும்? நான் வைத்திருந்தால் பக்கவாட்டில், வயிற்றில் வைத்திருப்பேன். எங்கள் வீட்டில் குடத்துக்கு அப்படித்தான் வைப்போம்.

மேஜை மேல் பஞ்சு இருந்தது. ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. அவர் கை எட்டுகிற தூரம்தான். லேபில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அந்தப் பஞ்சை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். கடுகைவிடச் சின்ன விஷயம், ஒரு துடைப்பில் போய்விடும். மிஞ்சுவது ரங்கநாதன் தெருவும் பிளேனும்தான்.

அவர் ஒரு கண்ணாடி மூடியை எடுத்துச் செல்லின் மேல் கவிழ்த்தார். தூசி விழாமல் இருக்க. "சாரைக் கூட்டினு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மீட்டர் அளவுகளைத் தப்பாகக் குறித்ததும் அதனால்தான் என்பதும் சேர்த்துத் தெரிந்தது. அவர் வைத்துவிட்டுப் போன ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சார் லென்ஸில் குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"குங்குமம் சார்."

"யார் வச்சது?"

"நான்தான் சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நீ அன்னிக்கு வரவே இல்லையே."

"நான்தான் சார் வச்சேன்" என்றார் அவர். "மூக்குல வச்சிட்டேன்."

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கழுத்தில் மாதா சுரூப டாலர் போட்ட கறுப்புக் கயிறு சட்டைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. "நீ எதுக்குய்யா வச்சே?"

"அவங்க வீட்ல தீட்டு சார். பாவம், அழுதாங்க."

சார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எழுந்து போய்க் கரும்பலகையில் இருந்த ரங்கநாதன் தெருவை, கடை கடையாக, அவரே அழித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மிச்சமிருந்த ஹீலியத்தை வைத்துச் சுத்தமான செல்லில் இன்னொரு தடவை செய்தோம். இந்தத் தடவை குங்குமம் இல்லை, அடைப்பு இல்லை, ஓட்டமும் இல்லை. பேனா நேராகவே போனது. கோடையில் ஏறியது, சுவரோரமாக உறையாமல் கிடந்த திரவம் கசிந்ததாகத்தான் இருக்கும் என்று முடிவாயிற்று. அவர் காகிதச் சுருளைக் கிழித்து மடித்தார். "கோடு நேராத்தான் போவுது டாக்டரம்மா. அவ்ளோதான்" என்றார். வெளிநாட்டு விஞ்ஞானிக்கு நடந்ததை நடந்தபடி அவரே எழுதிப் போட்டார். இடம் வேறு யாருக்கோ போயிற்று.

அன்று அவருடைய அம்மாவிடம் எப்படிச் சொல்லப்போகிறாரோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கூடவே போனேன். கடற்கரைப் பக்கம் வியாபாரம் முடிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிஷம் கூடையைக் கழுவுவதை நிறுத்தினார்.

"பிளேன் இன்னா ஓடியா பூடும்? அப்பால போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு?" என்று என்னைப் பார்த்தார்.

அவர் அம்மாவின் கையிலிருந்து கூடையை வாங்கித் தானே கழுவ ஆரம்பித்தார்.

இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், புது நூற்றாண்டில், வசதியுள்ள பெரிய லேப்களில் திட ஹீலியத்தின் வழியாக ஓட்டம் இருப்பதைப் பார்த்தார்கள். அதில் ஹீலியம் மூன்று இம்மியளவு கலந்திருந்தால், குளிர் ஒரு எல்லைக்குக் கீழே போனதும் அந்த ஓட்டம் சட்டென்று நின்றுபோவதையும் பார்த்தார்கள். சார் ஊகித்தது கிட்டத்தட்ட சரி. அழித்த தெருவைச் சார் திரும்ப வரையவே இல்லை, செய்தியைப் படிக்க அவர் இருக்கவும் இல்லை.

அந்த வருஷத்துக்கே திரும்பி வருகிறேன். அவருக்கு நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அந்த வாரமே, அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு பண்ணியதை நான் வீட்டில் சொன்னேன். அம்மா அடுக்களை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேற்று மதம், குப்பம், மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். அப்பா ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பையன்கிட்ட என்னத்தைப் பார்த்தே?" என்று ஒன்றுதான் கேட்டார்.

தீட்டிலிருந்து ஆரம்பித்து, மூக்கில் வைத்த பொட்டு, பஞ்சு, கண்ணாடி மூடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"பஞ்சு பக்கத்துலதான் இருந்துதா?"

"கைக்கு எட்டற தூரத்துலப்பா."

"துடைச்சிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

அப்பா பேப்பரை மறுபடி எடுத்துப் பிரித்தார். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு" என்றார்.

"காலம்பற அவர் சர்ச்சுக்குப் போவார்ப்பா."

"போயிட்டு வரட்டும்."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொட்டு எங்க வைக்கறதுன்னே தெரியலையே அந்தப் பிள்ளைக்கு" என்றாள்.

"அதை நீ சொல்லிக்குடு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா யாரும் சொல்லாமலே ஃபில்டரில் இரண்டு கரண்டி காபிப்பொடி கூடப் போட்டாள்.